இரைப்பையும் இறைவிதியும்

“போன பிறவியில் செய்த வினை, ஐயா! அது இந்தப் பிறவியில் வயிற்றிலே வந்து உட்கார்ந்துகொண்டது. யாரால் என்ன செய்ய முடியும்?”

அம்பத்தூரில் ஒரு சாவு வீடு. பந்தலின் கீழே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் இவ்வாறு பேசக் கேட்டோம். சுற்றியிருந்தோர் ஆம், ஆம் என்று தலையசைத்தனர். உள்ளே, தொழிற்பேட்டையில் முப்பதாண்டுக் காலம் கடைசல் இயந்திரத்தின் முன் நின்று உழைத்த உடல் கிடத்தப்பட்டிருந்தது. இரும்பை மயிரிழை பிசகாமல் கடைந்தெடுத்த கரங்கள், குச்சிகளாய் மெலிந்து கிடந்தன. இறந்தவர் நம் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை. வயது ஐம்பத்திரண்டு. நோய் இரைப்பைப் புற்று.

வினை! எவ்வளவு வசதியான சொல்! அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால், அதன்பின் எவரும் எதையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் நாம் கேட்கிறோம். ஒன்பது திங்கள் அந்த மனிதர் வலியோடு நடமாடினாரே, அந்த ஒன்பது திங்களும் எங்கே போயின? முதலில் நெஞ்செரிச்சல். மருந்துக் கடையில் வெண்ணிற மருந்து ஒரு புட்டி வாங்கிக் குடித்தார். பிறகு, இரண்டு கவளம் உண்டதுமே வயிறு நிரம்பிவிட்டதுபோல் ஓர் உணர்வு. வாயுத் தொல்லை என்றனர். சீரகத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தனர். பிறகு உடல் இளைத்தது. இரவு ஷிப்டு ஆளைத் தின்கிறது என்றனர். பிறகு மலம் தார்போலக் கறுத்துப் போயிற்று. அதை வெளியே சொல்ல அவர் கூசினார். அம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள், மந்திரித்த கயிற்றைக் கையில் கட்டினார்கள். பத்தாம் திங்களில்தான் வாய்வழியே குழாயைச் செலுத்தி இரைப்பையைப் பார்த்தார்கள். அதற்குள் புற்று கல்லீரலில் குடியேறிவிட்டிருந்தது.

ஒன்பது திங்களில் நடந்த தவற்றை, போன பிறவியின் கணக்கில் எழுதிவிட்டார் பெரியவர்! சாவு வீட்டில் வாதம் பேசுவது பண்பன்று என்று வாய்மூடித் திரும்பினோம். அங்கே சொல்லாததை இங்கே சொல்லுகிறோம்.

இந்த நோய் ஏழையின் வயிற்றை மட்டும் தேடி வந்ததன்று. ஐரோப்பாவையே நடுங்கவைத்த நெப்போலியன், செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்து, 1821ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் இறந்தான். மருத்துவர்கள் அவன் உடலை அறுத்துப் பார்த்தனர். இரைப்பையிலே பெரும் புண்! அது புற்றே என்பதுதான் அறிஞர் பெரும்பாலோர் இன்றும் ஏற்கும் முடிவு. அந்நாளைய மருத்துவத்தின் நிலை இதுதான்: இறந்தபின் அறுத்துப் பார்க்கத் தெரியும், இருக்கும்போது அறுத்துக் காக்கத் தெரியாது. மயக்க மருந்து 1846இல் வந்தது. அறுவைப் புண்ணில் கிருமி சேராமல் காக்கும் முறையை லிஸ்டர் வெளியிட்டது 1867இல். இவ்விரண்டும் கையில் கிடைத்த பிறகே, உயிரோடிருக்கும் மனிதனின் வயிற்றைத் திறக்கும் துணிவு பிறந்தது.

1879இல் பாரிஸ் நகரில் பெயான் என்ற மருத்துவர், புற்றுக் கண்ட இரைப்பைப் பகுதியை வெட்டி எடுத்தார். நோயாளி ஐந்தாம் நாள் இறந்தார். மறு ஆண்டு போலந்து நாட்டவரான ரிடிகியர் முயன்றார். அவருடைய நோயாளி ஒரு பகலைக் கூடத் தாண்டவில்லை. இரண்டு முயற்சி, இரண்டு சாவு! நம் ஊரிலாக இருந்தால், ஆண்டவன் படைப்பில் கை வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று கதை முடிந்திருக்கும்.

1881ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 29ஆம் நாள். வியன்னா நகர மருத்துவமனை. நாற்பத்து மூன்று வயதுத் தாயொருத்தி மேசைமீது கிடக்கிறாள். தெரேசா ஹெல்லர் என்பது அவள் பெயர். உண்டதெல்லாம் வெளியே வருகிறது. புளித்த பாலைத் தவிர எதுவும் வயிற்றில் தங்குவதில்லை. இரைப்பையின் கீழ்வாயைப் புற்று அடைத்துவிட்டது. தியடோர் பில்ரோத் கத்தியை எடுத்தார். ஒன்றரை மணி நேரத்தில் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் நீளத் துண்டை வெட்டியெடுத்து, மிஞ்சிய இரைப்பையைச் சிறுகுடலோடு பட்டு நூலால் தைத்தார். அவள் பிழைத்தாள்! உண்டாள்! வீடு திரும்பினாள்!

குருட்டுத் துணிச்சலன்று அது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அவருடைய மாணவர்கள் நாய்களின் இரைப்பையை வெட்டித் தைத்துப் பழகினர். இரைப்பைப் புற்றால் மாண்டவர்களைப் பற்றிய பிண ஆய்வுக் குறிப்புகளை நூற்றுக்கணக்கில் புரட்டினர். புற்று வேறு உறுப்புகளுக்குப் பரவாமலேயே இறந்தவர்களும் அவர்களில் இருக்கக் கண்டனர். வெட்டி எடுத்திருந்தால் அவர்கள் வாழ்ந்திருக்கக்கூடுமே! பில்ரோத்தின் கையில் கத்தியைக் கொடுத்தது அந்தக் கணக்கு.

நான்கு திங்களுக்குள் புற்று மீண்டும் பரவி, தெரேசா இறந்தாள். பில்ரோத் அதை மறைத்தாரா? இல்லை. சூரிச்சில் பணியாற்றிய காலத்திலிருந்தே, பிழைத்தவர் இத்தனை பேர், தம் கையில் இறந்தவர் இத்தனை பேர் என்று இரண்டையும் அச்சிட்டு வெளியிட்டவர் அவர். தாயத்துக் கட்டுகிறவர் எவராவது, என் கயிற்றைக் கட்டியும் செத்தவர் இத்தனை பேர் என்று பட்டியல் போட்டதுண்டா?

அவரையும் நாம் தெய்வமாக்க வேண்டியதில்லை. இதே பில்ரோத், மருத்துவம் பயில வந்த ஏழை யூத மாணவர்களை இழித்து 1876இல் எழுதினார். இவனுக்கெல்லாம் படிப்பு எதற்கு என்ற குரல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று போலும்! பின்னாளில் மனம் மாறி, யூத வெறுப்பை எதிர்த்த சங்கத்திலே சேர்ந்தார். இரண்டையும் சேர்த்தே சொல்லுவோம்.

1897இல் சூரிச் நகரில் ஷ்லாட்டர் என்பவர், பட்டுத் தொழிலாளியான ஒரு பெண்ணின் இரைப்பை முழுவதையும் எடுத்தார். இரைப்பையே இல்லாமல் மனிதர் உயிர்வாழ முடியுமா? அந்த அம்மாள் பதினான்கு திங்கள் வாழ்ந்து, முடியும் என்று காட்டினார். அதன்பின் கத்தி கூர்மையாயிற்று, கைகள் தேர்ந்தன. ஆயினும் நோயாளிகள் மாண்டுகொண்டேயிருந்தனர். ஏன்? கத்தியிடம் வந்து சேரும்போதே காலம் கடந்துவிட்டிருந்தது.

அந்தக் காலத்தை வென்றவர்கள் ஜப்பானியர். இரைப்பைப் புற்று அவர்கள் நாட்டின் பெருங்கொடுமை. 1950இல் இரைப்பைக்குள் விழுங்கச்செய்து படமெடுக்கும் சின்னஞ்சிறு காமிராவை அவர்கள் உருவாக்கினர். 1960களில் எக்ஸ்-கதிர்க் கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றனர். வலி வந்தபின் வா என்று சொல்லவில்லை; வலி வருமுன் நாங்கள் வருகிறோம் என்றனர்! இரைப்பையின் உட்சுவரைத் தாண்டாத நிலையில் புற்றைக் கண்டுபிடித்தால், பத்துப் பேரில் ஒன்பது பேருக்குமேல் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர் என்பது அந்நாட்டு அனுபவம். அதே நோய்தான். அம்பத்தூர்ப் பந்தலில் அதற்கு வினை என்று பெயர்.

சரி, புற்று ஏன் தோன்றுகிறது? கவலையால் வரும், காரத்தால் வரும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இரைப்பையின் அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்பது மருத்துவ நூல்களிலேயே வேதவாக்காக இருந்தது. ஆம், மருத்துவத்திலும் வேதவாக்கு உண்டு! ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்பவர், புண்பட்ட இரைப்பைத் துணுக்குகளில் சுருள் வடிவக் கிருமிகளைக் கண்டார். பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் 1982இல் அவற்றை வளர்த்துக் காட்டினார். பெரியவர்கள் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே எடுத்துக் குடித்தார். சில நாளில் குமட்டல், வாந்தி. குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பை அழன்று கிடந்தது. நம்பிக்கை கொள் என்று அவர் எவரையும் கேட்கவில்லை. என் வயிற்றைப் பார் என்றார்! ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமி புற்றுக்குக் காரணம் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994இல் அறிவித்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு.

தோழர்களே, இந்தக் கிருமி எப்போது உடலில் புகுகிறது? பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலே. நெருக்கடியான குடியிருப்பு, தூய்மையற்ற நீர், ஒரே தட்டில் பலர் கை — இவையே அதன் வாயில்கள். புகுந்தது, மருந்தால் ஒழிக்கப்படாவிட்டால், வாழ்நாள் முழுதும் தங்குகிறது. உட்சுவர் மெல்ல அழல்கிறது, தேய்கிறது, உருமாறுகிறது. முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துச் சிலருக்கு அது புற்றாகிறது. எல்லோருக்கும் அன்று, சிலருக்கு. பெரியவர் சொன்ன முற்பிறவி இங்கேதான் இருக்கிறது! போன பிறவியன்று அது, போன பிள்ளைப்பருவம். வினை செய்தவன் அந்தச் சிறுவனல்லன். அவனுக்கு நல்ல தண்ணீர் கொடுக்காத சமுதாயம்.

கிருமியோடு கூட்டுச் சேர்பவை சில உண்டு. புகையிலை, அளவற்ற உப்பு, உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய உணவு, மது. இந்தியாவெங்கும் இந்தக் கிருமி மலிந்திருக்கிறது. ஆனால் புற்று எங்கும் ஒரே அளவில் இல்லை. புகையூட்டிய இறைச்சியும் புகையிலை நீரும் பழக்கத்திலுள்ள மிசோரத்தில் அது மிக அதிகம். அமெரிக்காவிலோ, 1930 வாக்கில் ஆண்களைக் கொன்ற புற்றுகளில் முதல் வரிசையில் நின்ற இரைப்பைப் புற்று, பின்னர் படிப்படியாகத் தேய்ந்தது. குளிர்ப்பெட்டி வீட்டுக்கு வந்தது, உப்புக்கண்டம் குறைந்தது, பச்சைக் காய்கறியும் பழமும் ஆண்டு முழுதும் கிடைத்தன, தூய நீரும் துணை நின்றது. அங்கே இந்த நோயைக் குறைத்ததில் மருத்துவரைவிட அடுப்பங்கரைக்கே பங்கு அதிகம் எனலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். நம் ஊரில் இந்தக் கதை ஒரு பெண்ணிடமிருந்து தொடங்குகிறது. புதுக்கோட்டையில், தேவதாசிக் குலத்துத் தாயின் வயிற்றில் 1886இல் பிறந்தவர் முத்துலட்சுமி அம்மையார். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1927இல் சென்னைச் சட்டசபையில் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் ஆனார். பெண்ணைக் கடவுளின் பெயரால் பொட்டுக் கட்டி விலைமகளாக்கும் கொடுமையை ஒழிக்க அவர் முனைந்தபோது, சாஸ்திரம் சாய்ந்துவிடும் என்று சனாதனிகள் கூக்குரலிட்டனர். சுயமரியாதை இயக்கம் அவர் பக்கம் நின்றது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பேசினார். 1947இல் அது சட்டமாயிற்று. இதை நம் இளைஞர் அறிவர். அறியாத பகுதி ஒன்றுண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அம்மையார். அந்த இழப்பை விதியென்று விழுங்காமல், புற்றுக்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டுமென்று ஆண்டுக்கணக்கில் கேட்டார். புற்று வந்தவர் சாகத்தானே போகிறார், அவருக்கு மருத்துவமனை எதற்கு என்று பொறுப்பிலிருந்தவர்களே கேட்டனராம்; டாக்டர் சாந்தா பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். திண்ணையில் பேசப்படும் விதி, கோட்டையிலும் பேசப்பட்டது!

1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாறில், கூரை வேய்ந்த கொட்டகைகளில், பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தனர். சாந்தா 2021 ஜனவரியில் மறையும்வரை அந்த வளாகத்தைவிட்டு அகலவில்லை.

அந்த மருத்துவமனையில்தான் நம் அண்ணா கண்மூடினார். இரைப்பையின் வாயிலில் சென்று முடிவது உணவுக் குழாய். அண்ணாவை வீழ்த்திய புற்று அந்தக் குழாயில் தோன்றியது. 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவை நடந்தது. நாடு திரும்பினார். 1969 ஜனவரி 14இல் இந்த மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றதைக் கண்டார். பிப்ரவரி 3ஆம் நாள் பிரிந்தார், ஐம்பத்தொன்பது வயதில். வெற்றிலையோடு புகையிலையும், மூக்குப் பொடியும் அவருக்குப் பழக்கமாக இருந்தன என்பதை அவரோடிருந்தோர் மறைத்ததில்லை. நாமும் மறைக்கலாகாது. அண்ணா படத்துக்கு மாலை போட்டுவிட்டு, கூட்டம் முடிந்ததும் புகையிலைப் பொட்டலத்தைப் பிரிக்கிற தோழர்களைப் பார்த்திருக்கிறோம். கடவுளை மறுத்த வாய்க்குள் புகையிலை மட்டும் தடையின்றிப் போவானேன்?

அண்ணாவின் சாவுக்கு உலகமே கணக்கு வைத்தது. அம்பத்தூர்த் தொழிலாளியின் சாவுக்கு யார் கணக்கு வைத்தார்? சென்னையில் புற்றுநோய்ப் பதிவேடு 1981இல் அடையாறில் தொடங்கிற்று. எவருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் என்று வீடுவரை தேடிச் சென்று எழுதிய அரும்பணி அது. 1980களிலும் 90களிலும் சென்னை ஆண்களைப் பிடித்த புற்றுகளில் முதலிடம் இரைப்பைக்கே என்று சொன்னது அந்தப் பதிவேடுதான். ஆனால் அது பழைய மாநகராட்சி எல்லைக்குள் குடியிருப்போரையே கணக்கிட்டது. அம்பத்தூர் மாநகராட்சியில் சேர்ந்தது 2011இல். ஆவடியும் பூந்தமல்லியும் அந்த எல்லைக்குள் வரவேயில்லை. நகரத்துக்கு வேண்டிய இயந்திர உறுப்புகளைக் கடைந்து கொடுத்தவர், இராணுவ டாங்கிகளைக் கட்டிக் கொடுத்தவர், அந்த ஏட்டில் இல்லை! மாநிலம் முழுவதையும் எண்ணும் பதிவேடு 2012இல்தான் வந்தது. எண்ணப்படாதவன் துன்பம் அரசுக்குத் தெரியாது. அரசுக்குத் தெரியாததை மக்கள் விதி என்பர்.

இன்று என்ன செய்ய முடியும்? நிறைய முடியும். குழாய்க் கருவியால் இரைப்பையைக் கண்ணால் பார்த்து, ஐயப்படும் இடத்தில் துணுக்கு எடுத்துச் சோதிக்கின்றனர். சில நிமிட வேலை அது. அதற்கு அஞ்சியே பலர் மாதங்களை இழக்கின்றனர். புற்று எவ்வளவு ஆழம், எங்கெங்கே பரவியது என்று சி.டி. படம் காட்டும். மேற்பரப்பில் மட்டும் இருந்தால், வயிற்றைத் திறக்காமலேயே குழாய்வழி சீவி எடுத்துவிடலாம். ஆழ்ந்திருந்தால் இரைப்பையின் ஒரு பகுதியோ முழுவதுமோ, சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களோடு எடுக்கப்படும். அறுவைக்கு முன்னும் பின்னும் மருந்து ஏற்றுவது இப்போதைய முறை. நான்கு மருந்துகளைச் சேர்த்து முன்னால் நான்கு முறையும் பின்னால் நான்கு முறையும் ஏற்றிய ஜெர்மானிய மருத்துவர்களின் ஆய்வு 2019இல் வெளியாயிற்று. பழைய மருந்து பெற்றோரில் பாதிப்பேர் வாழ்ந்த காலம் 35 திங்கள். புதிய மருந்தில் 50 திங்கள். பதினைந்து திங்கள்! ஒரு மகளின் திருமணத்தைக் காணும் காலம். ஒரு மகனின் பரீட்சை முடிவைக் காணும் காலம்.

பரவிவிட்ட நிலையிலும் கைவிடுவதில்லை. ஹெர்-2 என்ற புரதம் மிகுந்த புற்றுக்கு அதையே குறிவைக்கும் மருந்து 2010 முதல் உண்டு. உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும் மருந்துகளும் சிலருக்குப் பயன்படுகின்றன. அடைப்பை விலக்கி உணவு செல்ல வழி செய்யலாம், வலியைத் தணிக்கலாம். வலி தணித்தலும் மருத்துவமே; அதைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை. இரைப்பையை எடுத்தவர் சிறிது சிறிதாகப் பல வேளை உண்ண வேண்டும். முழுதும் எடுத்தவர் பி-12 ஊசியை வாழ்நாள் முழுதும் போட்டுக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் செலவில்லாதவை அல்ல. ஏழைக்கு உயர் மருத்துவம் என்று 2009இல் கலைஞர் ஆட்சியில் காப்பீட்டுத் திட்டம் வந்தது. பெயர் மாறி, முதலமைச்சரின் பெயரால் அது தொடர்ந்தது. அந்த அட்டை இறந்தவரின் வீட்டிலும் இருந்தது, சாமி படத்துக்குப் பின்னால்!

பூந்தமல்லியில் நின்று பாருங்கள். கிழக்கே செல்லும் நெடுஞ்சாலை, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை வழியாகச் சென்ட்ரலுக்கு எதிரேயுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறது. அதன் பெயர் பெரியார் சாலை. மேற்கே செல்லும் சாலை காஞ்சிபுரத்தையடுத்த காரப்பேட்டைக்குப் போகிறது. அங்கே அண்ணாவின் பெயரால் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் இருப்போர்க்கு மின்சார ரயிலே உண்டு. வழி இல்லாமல் சாகவில்லை நம் மக்கள்.

பதினாறாம் நாள் கழிந்து, அந்த மாணவன் பள்ளிக்கு வந்தான். வகுப்பு முடிந்தபின் தனியே நின்று, “சார், இது எனக்கும் வருமா?” என்று கேட்டான். பொய் சொல்லத் தோன்றவில்லை. தந்தைக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்புச் சற்று அதிகம். ஒரே வீட்டில் ஒரே கிருமி பலரிடம் இருக்கக்கூடும். சோதித்துக் கண்டால் இரண்டு வாரம் மாத்திரை உண்டு அதை ஒழிக்கலாம். அம்மாவையும் அழைத்துப் போ என்றோம். அவன் கையில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றைப் பார்த்தோம், ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அம்மாவோடும் தங்கையோடும் கீழ்ப்பாக்கத்துக்குப் போவதாகச் சொன்னான். அன்றைய வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே, விடுப்பு என்று எழுதினோம்.